பச்சைப் பொட்டலத்தின் தேதி

அன்று காலை பெய்மென் பள்ளியின் கணினி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: கணினி ஆசிரியை சூ-சின்; போட்டியில் கலந்துகொண்ட அவள் மகள் யீ-ரு; அந்த அறையைத் தன் தகப்பனார் பெயரில் கட்டிக் கொடுத்த மாமனார் லியாவ் பிங்-குன்; அவருடைய சித்தப்பா மகனும் பெற்றோர் சங்கத் தலைவருமான ஜின்-ஃபா; நகரத்திலிருந்து வந்த கண்காணிப்பாளர் காவ் அம்மாள். ஆறாவது ஆள் கிடையாது. பிறகு ஊரில் வாய் கிழியப் பேசியவர்கள் ஒருவரும் அங்கே இல்லை.

நிரலெழுதும் போட்டியின் கடைசிச் சுற்று பத்து மணிக்குத் தொடங்கியது. பத்தரைக்குள் உள்ளே நுழையாதவர் பெயர் தானாக நீங்கிவிடும். தேறினால் யீ-ருவுக்குத் தைப்பேயில் பொறியியல் படிக்க இடம். அடுத்த ஆண்டு எழுத அவளுக்கு வயது தாண்டிவிடும்.

மணி பத்து பன்னிரண்டு. திரையில் 'இணைப்பு இல்லை' என்றே இருந்தது.

முந்தின நாள் விழுந்த இடியில் கேபிள் இணைப்புகள் எல்லாம் கருகிப்போயிருந்தன. சூ-சின் தாழ்வாரத்தில் ஒரு ரவுட்டரை மாட்டி, போட்டிக்குப் பதிவான கணினியின் முகப்பில், கம்பியில்லாமல் ரவுட்டரைப் பிடிக்கும் விரல்நுனி அளவு வைஃபை டாங்கிள் ஒன்றைச் செருகினாள். கணினியில் இருந்த இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு அதன் டிரைவர் மென்பொருள் தானாகக் கிடைக்கவில்லை; தேடிப் பிடித்து நிறுவி, மாலையில் சோதித்தபோது ஓட்டம் பிரமாதமாக இருந்தது. இன்று காலை செத்துக் கிடந்தது.

"அப்பவே சொன்னேன்ல," என்றார் ஜின்-ஃபா. "ஓசியில வர்ற சிஸ்டத்த நம்பாதீங்கன்னு. காசு குடுத்து வாங்கினாத்தான் அதுக்கும் ரோஷம் இருக்கும்."

"ஒனக்கு இருக்கிற ரோஷம் போதும், சும்மா நில்லு," என்றார் பிங்-குன். நிமிர்ந்த முதுகு நாற்காலியில் சாயவில்லை.

சூ-சின் கட்டளைகளைத் தட்டினாள். டாங்கிள் தெரிந்தது. டிரைவர் ஏறியிருந்தது. எதுவும் முடக்கப்படவில்லை. இரவு ஏதாவது புதுப்பிப்பு வந்து கெடுத்துவிட்டதோ? அதுவும் இல்லை. வேறு யாரையாவது கேட்கலாமென்றால், எல்லோருடைய கைபேசிகளும் காவ் அம்மாள் முன்னே முத்திரையிட்ட பெட்டிக்குள் கிடந்தன.

"காவ் அம்மா, போட்டி எழுதறவளோட போனத் தவிர என்னோடதையாவது..."

"பெட்டியத் திறந்தா நானே போட்டியக் கலைச்சதா ஆயிடும், டீச்சர். மன்னிச்சுக்கோங்க."

பத்து இருபது. டிரைவரை இறக்கி மறுபடி ஏற்றினாள். ரவுட்டரின் பெயர் பட்டியலில் எட்டிப் பார்த்தது, ஒற்றைக் கோட்டோடு. கடவுச்சொல் கேட்டது, மறைந்தது. யீ-ரு சுட்டுவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள். ரத்தம் கசிந்ததை அவள் கவனிக்கவில்லை, அம்மா கவனித்தாள்.

ரவுட்டர் நகரவில்லை. கணினி நகரவில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் என்னதான் மாறியது?

சூ-சின் நிமிர்ந்தாள். கணினிப் பெட்டியின் முகப்பில் பச்சைப் பொட்டலம்.

இயந்திரம் சொன்ன பேச்சுக் கேட்க, மக்காச்சோளப் பொரி அடைத்த பச்சைப் பொட்டலத்தைக் காப்புப்போல வைக்காத கணினி அறை அந்த நாட்டில் எது? காலையில் மாமனார் தாமே கொண்டுவந்து, விழுந்துவிடக் கூடாதென்று நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டியிருந்தார். டாங்கிள் அதற்குக் கீழே, இரும்புப் பெட்டிக்கும் பொட்டலத்தின் உள்பக்க வெள்ளித்தாளுக்கும் நடுவே, அலை எட்டாமல் மூச்சு முட்டிக் கிடந்தது.

பத்து இருபத்தைந்து.

பிய்த்து எறிய ஒரு நொடி போதும். ஆனால் ஜின்-ஃபா கண் கொத்திப் பாம்பாய் நிற்கிறார். பேத்தியின் வாழ்க்கையைத் தாத்தாவின் கையே அடைத்தது என்று சாயங்காலத்துக்குள் மீன் சந்தை முழுக்கச் சிரிக்கும். மாமனார் அதன்பின் தலைநிமிர்ந்து தெருவில் நடக்கமாட்டார்.

"மாமா," என்றாள். "பொட்டலத்தோட தேதி முடிஞ்சிடுச்சோ என்னவோ. எடுத்துப் பாக்கிறீங்களா? பழசா இருந்தா அது வேலை செய்யாதுன்னு சொல்லுவாங்களே."

"நேத்து வாங்கினது..." என்று தொடங்கியவர் மருமகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு பொட்டலத்தைப் பார்த்தார். எழுந்து வந்து, டேப்பை ஒவ்வொன்றாக உரித்தார். கீழே டாங்கிளின் சின்ன விளக்கு தெரிந்தது. பொட்டலத்தைக் கண்ணருகே பிடித்து உற்றுப் பார்த்தார்.

"ஆமா," என்றார் உரக்க. "தேதி முடிஞ்சிருக்கு. என் தப்பு."

கோட்டுப் பையில் திணித்துக்கொண்டார்.

"அண்ணே, பழைய சரக்கா வாங்கிட்டு வந்தீங்க!" ஜின்-ஃபா தொடையில் தட்டிச் சிரித்தார். பிங்-குன் தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

திரையில் நான்கு கோடுகள் எழுந்தன. பத்து இருபத்தெட்டுக்கு யீ-ரு உள்ளே நுழைந்தாள். அதன்பின் மூன்று மணிநேரம் இணைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை. இப்போது அவள் தைப்பேயில் படிக்கிறாள்.

லியாவ் பிங்-குன் காலாவதியான பொட்டலத்தை வைத்ததால்தான் கணினி மக்கர் செய்தது என்று இன்னமும் ஊரில் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. அந்தப் பொட்டலத்தில் அச்சிட்டிருந்த தேதி முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது.