பொழுதுபடுமுன் ஒரு வாய்

வினோதாவுக்கு உடம்பு வைத்ததற்கு நான்தான் காரணம் என்று அவள் சொல்வாள். அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. சுவிஸில், ஓர்லிகோன் ரெஸ்டோரண்ட் குசினியில் சமையல் வேலை முடிந்து வின்டர்தூர் வீட்டுக்கு நான் வந்து சேர இரவு பத்தரை தாண்டிவிடும். புருசன் வராமல் சாப்பிடக் கூடாது என்று அவளாக ஒரு சட்டம் வைத்திருந்தாள். பகலெல்லாம் வெறும் தேத்தண்ணியோடு ஓடித் திரிவாள். இரவில் இருவருமாகப் புட்டும் குழம்பும் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுப்போம்.

சீனி வருத்தம் வந்ததும் டாக்டர் இரத்தத்தில் சீனியை இறக்கக் குளிசை எழுதிக் கொடுத்து, பத்துக் கிலோவாவது குறைக்கச் சொன்னார். சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண் எங்கள் வீட்டுச் சட்டத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். எல்லாவற்றையும் தலைகீழாக்கச் சொன்னாள்: காலையில் நிறைய, மதியம் அளவாக, பின்னேரம் கொஞ்சம், அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. குளிசை காலைச் சாப்பாட்டோடு. வினோதா சொன்னதைச் செய்கிற ஆள். இரவில் என் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாளே தவிர, கை வைக்கமாட்டாள். தராசு முள்ளும் மெல்ல இறங்கியது.

பிறகு கேதார கௌரி விரதம் வந்தது. இருபத்தொரு நாள், பொழுதுபட்டுப் பூசை முடிந்த பிறகுதான் ஒரு நேரச் சாப்பாடு. புருசனுடைய ஆயுளுக்காகப் பிடிக்கிற விரதம்.

"பகல் முழுக்கச் சாப்பாடு இல்லையெண்டால் உடம்பு இன்னும் கெதியாக் குறையுமப்பா. விரதமும் ஆச்சு, டயற்றும் ஆச்சு" என்றாள்.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நானும் பகிடி பண்ணினேன். முதல் நாள் காலையில் குளிசையை வெறும் தண்ணீரோடு விழுங்கினாள். சாப்பாடு பின்னேரத்துக்குப் போய்விட்டது, குளிசை பழைய நேரத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை.

மத்தியான வேலை ஓய்ந்ததும் குசினிப் போனில் வீட்டுக்கு எடுத்தேன். மகள் யசோதரா தூக்கினாள். அவளுக்கு நாலு வயது.

"அம்மா எங்க குஞ்சு?"

"அம்மா கீழ படுத்திருக்கிறா."

"கீழயோ? எழுப்பிவிடு."

"எழும்புறா இல்லை. சட்டையெல்லாம் ஈரம். கண் திறந்திருக்கு, ஆனா கதைக்கிறா இல்லை."

போனை வைத்தால் பிள்ளை தனித்துப்போகும், வைக்காவிட்டால் அம்புலன்ஸுக்கு யார் சொல்வது? "ஷெஃப்! மைனி ஃபிராவ்! அம்புலன்ஸ்!" என்று மனைவிக்காக ஜெர்மனில் கத்தினேன். ஷெஃப் என் முகத்தைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் பாரில் இருந்த மற்றப் போனுக்கு ஓடினார். இங்கிருந்தே விலாசத்தை அவருக்குக் கத்திச் சொன்னேன்.

அப்போதுதான் கதவு நினைவுக்கு வந்தது. நான் வேலைக்குக் கிளம்பியதும் வினோதா உள்ளே பூட்டி, திறப்புச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிடுவாள். வெளியிலிருந்து எந்தத் திறப்பும் போகாது. யார் மணி அடித்தாலும் திறக்கக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவளும் அவள்தான்.

"குஞ்சு, இப்ப ஆக்கள் வந்து மணி அடிப்பினம். நீ திறப்பைத் திருப்பிக் கதவைத் திறக்கவேணும்."

"அம்மா ஏசுவா."

"ஏசமாட்டா. அப்பா சொல்லுறன்."

"அம்மாட்டக் கேட்டிட்டுத் திறக்கிறன்."

போனைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டாள். "அம்மா, திறக்கட்டோ? அம்மா, திறக்கட்டோ?" என்று அவள் கேட்பது எனக்குக் கேட்டது. நான் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. மணி அடித்தது. பிறகு கதவில் பலமாகத் தட்டினார்கள். பிள்ளை வீரிட்டு அழுதது. ஊரில் ஷெல் விழுகிற சத்தத்தில் பங்கருக்குள் கிடந்தவன் நான். அன்றைக்கும் இப்படிப் பயந்ததில்லை.

அழுதுகொண்டே திரும்ப வந்து போனை எடுத்தாள். "அப்பா, அம்மா ஓம் எண்டு சொல்லுறா இல்லை."

"சொன்னவ குஞ்சு. எனக்குச் சொன்னவ. ஓடிப்போய்த் திற!"

பூட்டுக்குள் திறப்பு அரைபட்டது. ஒருமுறை, இன்னொரு முறை. பிறகு ஆண் குரல்கள், சப்பாத்துச் சத்தம். யாரோ போனை வைத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியின் பெயரை ஷெஃப் கேட்டுச் சொன்னார். உயிரோடு இருக்கிறாளா என்று சொல்ல ஒருவருமில்லை. ரயிலில் இருக்க முடியாமல் கதவடியில் நின்றேன், குசினி ஏப்ரன்கூட இடுப்பிலேயே இருந்தது. தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். கௌரி அம்மனைக் கூப்பிட மட்டும் வாய் வரவில்லை. அவள்மேல் கோபமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வினோதா விழித்திருந்தாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது, அம்புலன்ஸில் கூட வந்த யசோதரா கட்டில் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள். நேர்ஸ் என்னிடம் பாணும் யோகர்ட்டும் வைத்த தட்டைத் தந்தாள். குளிசை இன்னும் உடம்பில் வேலை செய்கிறது, ஏற்றிய சீனி போதாது, சாப்பிடாவிட்டால் மறுபடியும் மயங்கிவிடுவாள், தான் கொடுத்தால் வாயே திறக்கிறாள் இல்லை என்றாள்.

"இஞ்சாருங்கோ, இன்னும் பொழுது படேல்லை" என்றாள் வினோதா.

"சாப்பிடு."

"முதல் நாளே விரதத்தை முறிக்கக் கூடாதப்பா. உங்களுக்கு ஏதும் நடந்திடும்."

"எனக்கு நடக்கவேண்டியதெல்லாம் ரயிலுக்க நடந்து முடிஞ்சுது. உன்னைக் குடுத்து வாங்கிற ஆயுளை நான் என்னடி செய்யிறது?" என்று கத்தினேன். கத்தி முடிக்கவில்லை, அழுகை வந்துவிட்டது. என்னைப் பார்த்துப் பிள்ளையும் அழுதது.

வினோதா ஜன்னலைப் பார்த்தாள். எதிர்க் கூரையில் இன்னும் வெயில் கிடந்தது. நான் நீட்டிய பாண் துண்டு, கை நடுங்கியதால் அவள் கன்னத்தில் இடித்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நடுக்கத்தை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தாள்.