வெளியே கூட்டிப்போன குற்றம்

என் அம்மா ஒரு கிழவரைக் கொல்லப் பார்த்தாள் என்று பிரெஞ்சில் எழுதிக் கொடுத்த ஆளை நீதிமன்றத் தாழ்வாரத்தில்தான் முதலில் பார்த்தேன். காப்பி இயந்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். பெயர் நோர்மான் தெரோஷே. போலீசுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பவர்.

அம்மா இஸ்மே பார்படாஸ்காரி. இருபது வருஷமாக முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கடைசியாக இருந்தது பிரெஞ்சு பேசும் ஊரான த்ருவா-ரிவியேரில், அதெலார் ஹாம்லின் என்ற பழைய மருந்துக்கடைக்காரர் வீட்டில். பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு போய்விட்டது. அவருடைய மகன் ரெஜான் டொராண்டோவில் இருந்தான். அம்மாவுக்குப் பிரெஞ்சு அரைகுறை என்பதால் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே செய்தியாக அனுப்புவான்.

செப்டம்பரில் ஒரு நாள் ஆற்றங்கரைப் பாதையில் சக்கர நாற்காலி பள்ளத்தில் சாய்ந்து கிழவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அம்மாதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ரெஜான் வந்தான், புகார் கொடுத்தான். போலீஸ் அம்மாவின் போனைப் பிடுங்கியது. அவள் யூடோரா சித்திக்கு அனுப்பியிருந்ததும் அவளுக்கு வந்ததுமான செய்திகளெல்லாம் தெரோஷேயிடம் போயின.

நானும் மொழிபெயர்ப்பாளர்தான். மாண்ட்ரியலில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஆங்கிலத்தைப் பிரெஞ்சாக்குவது என் பிழைப்பு. எங்கள் வக்கீல் ஜோஸியான் அந்த மொழிபெயர்ப்புத் தாள்கட்டை என்னிடம் கொடுத்தபோது படிக்கப் படிக்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

'டேக்' என்ற ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டு அந்த ஆள் என் அம்மாவைக் கொலைகாரி ஆக்கியிருந்தார். "கிழவரை நான் பார்த்துக்கறேன், நீ கவலைப்படாதே" என்று 'டேக் கேர்' போட்டுச் சித்திக்கு எழுதியிருந்தாள். அது பிரெஞ்சில் "அவனைக் கவனிக்கிற விதத்தில் கவனிக்கிறேன்" என்று ஆகியிருந்தது. "வலி வந்தா கோபத்தையெல்லாம் என் மேல காட்டறாரு" என்ற 'டேக்ஸ் இட் அவுட்' "அவன் என்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கறான்" என்று மாறியிருந்தது. விழுந்த அன்று காலை அனுப்பியது "டேக் ஹிம் அவுட்". மூணு மணிக்கு வெளியே கூட்டிட்டுப் போறேன் என்று அர்த்தம். அவர் எழுதியது: "மூணு மணிக்கு அவனைத் தீர்த்துடறேன்."

காப்பி இயந்திரத்தருகில் போய் நின்றேன்.

"சார், உங்க ஊர்ல யாரையாவது வெளிய கூட்டிட்டுப் போனா கொலையா?"

"நீங்க யாரும்மா?"

"நீங்க எழுதின கொலைகாரியோட பொண்ணு."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "பாருங்க, அந்தச் சொல்லுக்குப் பல அர்த்தம் இருக்கு. சினிமாவுல எல்லாம் அப்படித்தான் வரும். போலீஸ் சொன்ன பின்னணியை வச்சுத்தான்..."

"எங்கம்மா என்ன சினிமா அடியாளா? அறுபத்திரண்டு வயசுக்காரி! கறுப்புத் தோலுன்னா உங்க அகராதியில வேற பக்கமா?"

ஜோஸியான் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "வெர்னீஸ், வாயை மூடு! இப்பவே எல்லாத்தையும் கொட்டி அந்தாளை உஷார்படுத்தாதே. கூண்டுல ஏறட்டும்."

ஏறினார். ஜோஸியான் குரலை உயர்த்தவே இல்லை.

"முசியே தெரோஷே, இந்தக் கட்டுல இருக்கற எல்லா ஆங்கிலச் செய்தியையும் நீங்கதானே மொழிபெயர்த்தீங்க?"

"ஆமா."

"விபத்துக்கு முந்தின நாள் திருமதி இஸ்மேக்கு வந்த செய்தி ஒண்ணு இருக்கு. உங்க பிரெஞ்சைப் படிங்க."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "'நாளைக்கு வெயில் அடிக்கும். அப்பாவை வெளிய காத்தாடக் கூட்டிட்டுப் போங்க.'"

"அனுப்பினது யாரு?"

"மகன். முசியே ரெஜான் ஹாம்லின்."

"ஆங்கிலத்துல என்ன இருக்கு?"

தெரோஷே தாளைப் பார்த்தார். நீதிபதி மேசையில் விரலால் தட்டினார். "படியுங்க ஐயா."

"டேக்... ஹிம் அவுட்."

"அதே மூணு சொல். மகன் எழுதினா காத்தாட, வேலைக்காரி எழுதினா கொலை. எதை வச்சுப் பிரிச்சீங்க?"

அவர் தாள்களைப் புரட்டத் தொடங்கினார். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து கத்தினேன்: "சொல்லுங்க சார்! எதை வச்சு?" காவலர் என்னை வெளியே போகச் சொன்னார். போனேன். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சுவரைக் குத்தினேன்.

அந்த மொழிபெயர்ப்பை நீதிபதி ஏற்கவில்லை. அது போனபிறகு அரசுத் தரப்பில் எதுவும் மிஞ்சவில்லை. மதியத்துக்குள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அம்மா வெளியே வந்தபோது ரெஜான் பின்னாலேயே வந்தான். கையை நீட்டினான்.

"இஸ்மே, ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. மனசுல வச்சுக்காதீங்க."

அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். போலீஸ் கூப்பிட்டபோதும் வேலை போனபோதும் தேவாலயத்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் நகர்ந்து உட்கார்ந்தபோதும் அவள் வாய் திறந்ததில்லை.

"யாரும் தப்பாப் புரிஞ்சுக்கல தம்பி. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும். நீங்க எழுதின சொல்லைத்தான் நான் எழுதினேன். என் மேல பழி வந்தப்ப அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே பேசாம இருந்தீங்க."

"வக்கீல் எதுவும் பேச வேண்டாம்னு..."

"உங்கப்பாவுக்குப் பேச்சு வராது. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

நீட்டிய கை அப்படியே நிற்க, அம்மா நடந்தாள்.

காரில் ஏறியதும் ஆரம்பித்தாள். பார்படாஸில் மீன் சந்தையில்கூட யாரும் பேசாத வார்த்தைகள். அவனை, அவன் வம்சத்தை, தெரோஷேயை, கறுப்புக் கோட்டு போட்ட எல்லோரையும். என் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. நெடுஞ்சாலை முழுக்கத் திட்டினாள். நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடுவில் ஒரு பெட்ரோல் பங்கில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி தொடங்கினாள்.

மாண்ட்ரியல் பாலம் தெரிந்தபோது மூச்சு வாங்கினாள்.

"மொழிபெயர்ப்பாளருங்களுக்குச் சங்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கும்மா."

"அந்த ஆள் மேல புகார் எழுது. அவன் பாஷையிலேயே எழுது. வேற அர்த்தம் பண்ண இடமே இல்லாம எழுது."

வீட்டுக்குள் நுழைந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கணினி முன்னால் உட்கார்ந்தேன்.