பெல்மோரா திரும்பி வந்தால்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டு வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு கிடந்தால், உள்ளே ஏதோ விசேஷம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். செத்துப்போன கார் கம்பெனிகளுக்காக இன்னும் சாகாத ஆண்கள் கூடி மூக்கைச் சிந்துகிற நாள் அது. பெல்மோரா உரிமையாளர் சங்கம் என்று பெயர். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் உண்டு. பெல்மோரா கம்பெனிதான் இல்லை. அதை இழுத்து மூடி ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

கூட்டத்தில் பேச்சு எப்போதும் ஒன்றுதான். மூடிப்போன கம்பெனிகளில் எதையெதை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும்? ஒருவர், முன்பக்கம் ஒற்றைச் சக்கரம் வைத்துக் குட்டிக் கார் செய்த கம்பெனிக்கு வக்காலத்து வாங்குவார். வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் அந்தக் கார் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும் என்பதை அவரே பெருமையாகச் சொல்வார். இன்னொருவர் இன்ஜினைப் பின்னால் வைத்து, காற்றை முன்னால் விட்டு, நடுவில் இருப்பவனை வேகவைத்த கம்பெனியைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார். கடைசியில் எல்லோரும் பெல்மோராவிடம் வந்து நிற்பார்கள். உலகத்துக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுவது பெல்மோராதான் என்று ஒருமனதாகத் தீர்மானம் போடுவார்கள். உலகம் அவர்களிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

இத்தனையையும் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டு தேநீர் வடிகட்டுகிறவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் பிசியோதெரபி செய்கிறவள். மூட்டு தேய்ந்தவர்கள், பக்கவாதத்தில் கை விழுந்தவர்கள், எலும்பு ஒட்டியும் நடக்கப் பயப்படுகிறவர்கள், இவர்களையெல்லாம் எழுப்பி நடக்க வைப்பது வேலை. வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். அதிலிருந்து மடக்குக் கட்டிலை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறாள். லிப்ட் இல்லாத மாடிகளில் அந்தக் கட்டிலைச் சுமந்து ஏறி ஏறி, இப்போது அவள் முழங்காலே அடுத்தவர் பார்க்க வேண்டிய நிலையில் இருக்கிறது.

அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஓர் அறை. தெருவைப் பார்த்து, படி இல்லாமல், சக்கர நாற்காலி உருண்டு வர அகலமாக, கை கழுவ ஒரு குழாயோடு. அப்படி ஓர் அறை, கார் ஷெட் என்ற பெயரில், அவள் வீட்டிலேயே இருந்தது. அதில் பெல்மோரா படுத்திருந்தது.

அந்த வண்டியின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டுநர் பக்கத்துக் கதவை இரண்டு கையாலும் மேலே தூக்கித்தான் சாத்த வேண்டும். சும்மா சாத்தினால் அது பாட்டுக்குத் திறந்துகொள்ளும். இடது பக்கம் திருப்பினால் யாரும் தொடாமலே ஹாரன் அடிக்கும், வலது பக்கம் திருப்பும்போது அமுக்கினாலும் அடிக்காது. விளக்கைப் போட்டால் வைப்பர் நின்றுவிடும். மழை பெய்தால், விளக்கு வேண்டுமா வைப்பர் வேண்டுமா என்று நாமே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். பின் சீட்டில் பெட்ரோல் வாசம். இவற்றில் ஒன்றைக் குறை என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. "அது குறை இல்லம்மா, அது வண்டியோட குணம்" என்பார் அவள் வீட்டுக்காரர்.

குணம். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்கு எரிச்சல் மண்டும். அவள் தொழிலில் குணம் என்றால் வலி போவது. இவர்கள் சங்கத்தில் குணம் என்றால் வலியைக் கட்டிக்கொண்டு மாரடிப்பது. சங்கத்தில் பாதிப் பேருக்கு வலது தோள்பட்டை போய்விட்டது, எல்லாம் அந்தக் கதவைத் தூக்கித் தூக்கித்தான். ஞாயிற்றுக்கிழமை தேநீரோடு அவர்கள் தோளையும் அவள்தான் பிடித்துவிட வேண்டும். இலவசமாக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, செயலாளரின் தோளைப் பிடித்துக்கொண்டே எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"என்னங்க, அந்த ஷெட்டை எனக்கு எப்பதான் தரப்போறீங்க?"

வீட்டுக்காரர் சபை பார்க்கிறதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெல்மோரா திரும்பி வரட்டும். வந்த அன்னிக்கே புதுசு ஒண்ணு புக் பண்ணிட்டு, இந்தப் பழசை வெளியே அனுப்பிடறேன். ஷெட் உனக்கு."

"சத்தியமாவா?"

"இத்தனை பேர் சாட்சி."

செயலாளர் மெய்சிலிர்த்துப் போனார். சங்கமே தலையாட்டியது. செத்த கம்பெனி எழுந்து வரப்போவதில்லை என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு அது என்று அவளுக்கா தெரியாது. இன்சூரன்ஸ் ஆபீசில் குப்பை கொட்டுகிற மனிதருக்கு, நடக்காத விஷயத்துக்கு உத்தரவாதம் கொடுப்பது கைவந்த கலை.

ஆனால் நடந்துவிட்டது. பேட்டரி வண்டி செய்கிற ஒரு புதுக் கம்பெனி, தன் பெயர் யாருக்கும் மனதில் நிற்கவில்லை என்று பெல்மோரா என்ற பெயரை விலைக்கு வாங்கியது. செய்தி வந்த அன்று சங்கத்தில் ஒரே கூத்து. கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், பொருளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் மட்டும் பேயறைந்தவர் போல ஷெட் பக்கம் போய் நின்றார். அவளுக்கோ வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொல்லும்போது வாய் இனித்தது. இத்தனை வருஷம் கரித்துக் கொட்டிய கம்பெனி நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார நினைத்தாள். தன்னை நினைத்தே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தான். இளைஞன், வெள்ளை ஷூ. பழைய உரிமையாளர்களின் மனதை அறிந்துகொண்டு புது வண்டியில் கொண்டுவரப் போகிறார்களாம். சங்கம் அவனை நடுவில் உட்கார வைத்துச் சூழ்ந்துகொண்டது.

"கதவு தம்பி, கதவு முக்கியம்" என்றார் செயலாளர். "தூக்கிச் சாத்தணும். அப்பதான் வண்டிக்கும் நமக்கும் ஒரு உறவு இருக்கும்."

"இடது பக்கம் ஹாரன்" என்றார் பொருளாளர். "அதை எடுத்துட்டா பெல்மோராவே இல்ல."

"அந்தப் பெட்ரோல் வாசனை" என்றார் வீட்டுக்காரர்.

"இது பேட்டரி வண்டி சார்."

"வாசனைக்கு ஏதாவது ஏற்பாடு பண்ண முடியாதா?"

இளைஞன் மலங்க மலங்க விழித்தான். தேநீர் கொண்டுவந்தவளைப் பார்த்ததும், கரையில் ஆள் தென்பட்டது போலக் கேட்டான். "மேடம், நீங்க என்ன நினைக்கறீங்க?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள். இந்த வண்டி விற்றாக வேண்டும், தெருத் தெருவாக ஓட வேண்டும், அப்போதுதான் தன் அறை காலியாகும் என்பது ஒன்றுதான் அவள் மனதில் ஓடியது.

"இவங்க சொன்னதுல ஒண்ணையும் காதுல போட்டுக்காதீங்க தம்பி. கதவை ஒரு விரலால சாத்த முடியணும். முதுகு சாய்ஞ்சா முதுகு மாதிரி சாயணும். மழையில கண்ணு தெரியணும். வயசானவங்க ஏறி இறங்கறப்போ யாரும் கை கொடுக்க வேண்டியிருக்கக் கூடாது. வண்டியைக் குணமாக்குங்க. அவ்வளவுதான்."

சங்கமே தேநீரைத் தொடாமல் அவளை முறைத்தது. இளைஞன் மட்டும் குனிந்து செல்போனில் வேகவேகமாகக் குறித்துக்கொண்டான்.

வண்டி வெளிவந்த நாளில் சங்கம் மொத்தமும் இஸ்திரி போட்ட சட்டையோடு ஷோரூமுக்குப் போனது. அவளும் போனாள். திரையை விலக்கினார்கள். நீல நிறத்தில், அடக்கமாக, கண்ணுக்கு லட்சணமாக ஒரு கார் நின்றது. அவள் உள்ளே உட்கார்ந்து பார்த்தாள். இடுப்பு சரியாகப் பொருந்தியது. கதவை ஒரு விரலால் தள்ளினாள், 'டப்' என்று மூடிக்கொண்டது. அவள் சொன்ன ஒவ்வொன்றும் அங்கே இருந்தது. ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷத்தில் பெரிய டாக்டர்கள்கூட அவள் சொன்னதை இப்படிக் கேட்டதில்லை. நெஞ்சு நிறைந்துபோயிற்று.

வெளியே வந்து பார்த்தால், சங்கத்துக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

"கதவு சாத்தறதுக்குக் கை வலிக்கவே மாட்டேங்குது" என்றார் செயலாளர், ஏதோ அவர் சொத்தைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி.

"திருப்பிப் பாத்தேன். சத்தமே வரல" என்றார் பொருளாளர்.

வீட்டுக்காரர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். உதட்டைப் பிதுக்கினார். "குணமே இல்ல."

"குணமாயிடுச்சுங்க. அதான்" என்றாள் அவள்.

வெள்ளை ஷூ இளைஞன் ஓடி வந்தான். பழைய பெல்மோரா ஒன்றைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் கம்பெனி வரவேற்பறையில் நிறுத்த ஆசைப்படுகிறார்களாம். சாரின் வண்டியைக் கொடுத்தால் தலைமேல் வைத்துப் பார்த்துக்கொள்வார்களாம். அவள் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தாள். இதைவிட நல்ல முடிவு வேறு என்ன வரும்? புதுசும் வந்தாயிற்று, பழசுக்கு மாலை மரியாதையும் கிடைக்கிறது.

"மன்னிக்கணும் தம்பி" என்றார் வீட்டுக்காரர். "இனிமே உலகத்துல மிச்சம் இருக்கறது எங்க வண்டிங்கதான். இதையெல்லாம் பாத்தப்புறம் எப்படி மனசு வரும்?"

சங்கம் கைதட்டியது. அவர்கள் முகத்தில் மறுபடியும் ரத்தம் ஓட ஆரம்பித்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த ஆட்களுக்குப் பெல்மோரா திரும்பி வரவே வேண்டாம். உயிரோடிருக்கிற காரை நாலு பேர் ஓட்டுவார்கள், நாலு பேர் குறை சொல்வார்கள், இவர்களை யார் சீந்துவார்கள்? செத்த கம்பெனி என்றால்தான் இவர்களுக்கு நாற்காலி, பதவி, தீர்மானம். அவள் வாயை மூடிக்கொண்டிருந்து, கதவைத் தூக்கிச் சாத்துகிற மாதிரியே புது வண்டியும் வந்திருந்தால், அப்போது "சத்தம் பழைய சத்தம் இல்ல" என்றிருப்பார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள். "எல்லார் முன்னாலயும் வாக்குக் குடுத்தீங்களே."

"பெல்மோரா திரும்பி வந்தாத்தானே சொன்னேன். வந்தது பேரு மட்டும்தான்."

"அப்ப எனக்கு இடம்?"

"உனக்கென்னம்மா. நீதான் வீடு வீடாப் போய்ப் பழகிட்டியே. ஷெட்டுல உக்காந்தா போரடிச்சுடும்."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முழங்கால் தேய மாடி ஏறுகிற பெண்டாட்டி ஒரு பக்கம், ஆணி கழன்ற தகரம் ஒரு பக்கம் என்று தராசில் போட்டுப் பார்த்துவிட்டுத் தகரத்தை எடுத்திருந்தால்கூடச் சண்டை போடலாம். தராசையே அவர் எடுக்கவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. மீதி வழியெல்லாம் அவர் பேட்டரி வண்டிகளின் கேடுகெட்ட எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

மறுநாள் அவர் ஆபீசுக்குக் கிளம்பியதும், அன்றைக்கு வீட்டில் போய்ப் பார்க்க வேண்டியவர்களுக்கெல்லாம் போன் போட்டாள். நகரவே முடியாதவர்களிடம் நாளைக்கு வருவதாகச் சொன்னாள். மற்றவர்களிடம், "இனிமே நீங்க இங்க வாங்க" என்றாள். பிறகு ஷெட்டைத் திறந்தாள். கியரை நியூட்ரலில் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கதவுச் சட்டத்தில் தோளைக் கொடுத்தாள். தன்னைவிடக் கனமான உடம்புகளை நகர்த்துவதுதானே அவள் தொழில். முதுகை நிமிர்த்தி, காலை ஊன்றி, மூச்சை விட்டுத் தள்ளினாள். வண்டி முனகிக்கொண்டே நகர்ந்து, வாசல் சரிவில் இறங்கி, மதில் சுவர் ஓரமாகத் தெருவில் போய் நின்றது. இதற்கா இத்தனை வருஷம் கெஞ்சினோம் என்று இருந்தது.

தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். எண்ணெய்க் கறை முழுதாகப் போகவில்லை, பரவாயில்லை. கட்டிலை விரித்தாள். துவாலைகளை மடித்து வைத்தாள். ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தபோது அவருடைய பெல்மோரா தெருவில் நின்றது. அதற்குள் ஆட்கள் இருந்தார்கள். முன் சீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் கழுத்துப்பட்டை போட்ட ஒரு தையல்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். சங்கத்துத் தலைவரையே காலைத் துடைத்துவிட்டு ஏறச் சொல்கிற வண்டி அது.

"யாருங்க நீங்கள்ளாம்? இது என் வண்டி" என்றார் வீட்டுக்காரர்.

தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "யார் வண்டியா இருந்தா என்ன? டாக்டரம்மா இங்கதான் காத்திருக்கச் சொன்னாங்க. வரிசைப்படிதான் கூப்பிடுவாங்க. உங்களுக்கு அவசரம்னா நாங்க என்ன பண்றது?"

அவர் ஷெட் வாசலுக்குப் போனார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் பெண்டாட்டி, பக்கவாதம் வந்த ஒருவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தன் உள்ளங்கையை அழுத்தச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு கவனத்தை அவர் பார்த்ததில்லை. பார்க்க என்றைக்கும் வந்ததில்லை.

"ஏம்மா" என்றார். குரல் அவர் நினைத்த அளவுக்கு ஏறவில்லை.

அவள் திரும்பவில்லை. "வேலையா இருக்கேன். வெளியே உக்காருங்க."

கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். திரும்பித் தெருவுக்கு வந்தார். தையல்காரர் நகர்ந்து இடம் விட, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தலைமையாசிரியைக்கு அவர் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பினார்.

"உங்களுக்கு எங்க வலி?" என்று கேட்டார்.