ஒரே மடக்கில் இரண்டு மருந்து

என் வீட்டுக்காரர் டவர் கிரேன் ஓட்டுகிறார். ஏணியில் ஏறி உச்சியிலுள்ள கூண்டுக்குப் போகவே கால்மணி நேரம் ஆகும். அப்படிப்பட்ட மனிதர் ஒரே மாதத்தில் மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டார். இன்னொரு நாள் லீவு போட்டால் கீழே கம்பி கட்டத்தான் போக வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதன்பிறகு வலித்த நாளிலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார்.

எனக்குப் பயம்தான். ஆனால் பயத்தைவிட ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. மலச்சிக்கலுக்கு எப்போதும் அதே மாத்திரைதான் போடுகிறார். சில நாள் உயிர் போகிறது, சில நாள் வயிறு கம்மென்று இருக்கிறது. ஏன்? கேட்டால் வயிறு என்றால் அப்படித்தான் என்கிறார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன கல்லா? அவர் என்னென்ன சாப்பிடுகிறார், எந்த நாள் வலிக்கிறது என்று காலண்டரில் குறிக்க ஆரம்பித்தேன். பெரிய துப்பறியும் புலி என்று கேலி செய்தார்.

மூன்றாவது வாரம் பிடிபட்டது. நெஞ்செரிச்சலுக்கான வெள்ளை மருந்தையும் குடித்த நாட்களில்தான் வலி. ஒரே மடக்கில் வேலை முடியட்டும் என்று மாத்திரையை அந்த மருந்தோடே விழுங்கியிருக்கிறார், மகராசன்.

இரண்டையும் பையில் போட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா பொறுமையாகச் சொன்னார். மாத்திரையின் மேல்பூச்சு குடலுக்குப் போய்த்தான் கரைய வேண்டுமாம். வெள்ளை மருந்து வயிற்றின் அமிலத்தை அடக்கிவிடுவதால் பூச்சு அங்கேயே கரைந்து வலியைக் கிளப்புமாம். பாலோடு போட்டாலும் அதே கதைதானாம். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடுங்கள், கடிக்காமல் விழுங்குங்கள், மாத்திரையையே நம்பாமல் டாக்டரைப் பாருங்கள் என்றார். பிறகு, வேலை நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"குடிக்கறதே இல்லம்மா. குடிச்சா இறங்கணுமே."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் இது எனக்குத் தெரியாமல் போயிற்றே.

மறுநாள் நானும் அவரோடு போய், சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நடுவில் ஒருமுறை இறங்க நேரம் கேட்டேன். கிரேன் நின்றால் எத்தனை பேர் சும்மா நிற்பார்கள் தெரியுமா என்று எரிந்து விழுந்தார். பிறகு, சரி, பதினோரு மணிக்கு இறங்கட்டும் என்றார்.

நான் கிளம்பியதும் சூப்பர்வைசர் வாசல்வரை கூடவே வந்தார். அவரும் பல வருஷம் கிரேன் ஓட்டியவராம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டுக்கும் நடுவுல எத்தனை மணி நேரம் விடணும்னு சொன்னாங்க?"