டி டிரைவில் பத்திரமாக

பழைய சிஸ்டத்தோடு சேர்த்து நிறுவவா, டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவவா என்று திரை கேட்டபோது முகமது பாரூக் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அழித்துவிடு என்பதையே தட்டினார். தயங்குவானேன்? எல்லாவற்றையும்தான் டி டிரைவுக்கு மாற்றியாயிற்றே! திண்டுக்கல்லில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஃபார்மட் அடித்தால் சி டிரைவ்தான் போகும், டி-க்கு ஒன்றும் ஆகாது என்பார்கள். சர்வீஸ் கடைக்காரர்கள் வருடக்கணக்காக ஊருக்கே ஓதிவிட்ட பாடம் அது. சி, டி இரண்டுமே ஒரே தட்டில் கோடு போட்டுப் பிரித்த பாகங்கள், தட்டை மொத்தமாகத் துடைத்தால் இரண்டும் சேர்ந்துதான் போகும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை, கேட்கிற ஆளும் அல்ல.

பேகம்பூரில் தோல்பைக் கடை வைத்திருப்பவர். பைக்கு ஜிப் மாற்றுவதிலிருந்து வீட்டு மோட்டார் வரைக்கும் எல்லாவற்றிலும் தானே கை வைத்தாக வேண்டும். பழைய விண்டோஸுக்கு இனி அப்டேட் கிடையாது என்று திரையில் வந்ததும், நாலு வீடியோவைப் பார்த்துவிட்டு அதற்குப் பதிலாக இலவச லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, என் டிசைன் எல்லாம்?" என்று அடுப்படியிலிருந்து நர்கீஸ் கேட்டாள்.

"டி-ல பத்திரமா கெடக்கு. நீ பேசாம இரு."

நர்கீஸ் கல்யாணப் பெண்களுக்கு மெஹந்தி போடுகிறவள். ஒவ்வொரு டிசைனையும் தாளில் வரைந்து, படமெடுத்து, கம்ப்யூட்டரில் கோடு கோடாகத் திருத்தி வைத்திருந்தாள். பல வருட உழைப்பு அது. தாள்களைக் கரையான் அரிக்கிறது, அதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று பழைய பேப்பர்காரனிடம் தூக்கிப் போட்டதும் இந்த மனுஷர்தான். போனில் இடம் பற்றவில்லையென்று அங்கே இருந்ததை அழிக்கச் சொன்னதும் இவரேதான்.

லினக்ஸ் வந்த வாரம் அவருக்குப் பெருநாள் மாதிரிதான் இருந்தது. தட்டினால் திறக்கிறது, திறந்தால் தொங்குவதில்லை. பின்னணிப் படத்தை மாற்றினார், ஐகான் பட்டையைத் திரையின் கீழிருந்து மேலே கொண்டுபோனார், செஸ் விளையாட்டை இறக்கினார். பழைய பாட்டுகளும் படங்களுமாக வட்டு நிறைய ஏற்றினார். டி என்று ஒன்றை மட்டும் எங்கேயும் காணவில்லை. இதில் வேறு பெயரில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து தேடினார். கடைசியில் சி.பி.யு.வைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, நர்கீஸுக்குத் தெரியாமல் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்குப் போனார்.

கடைக்கார அந்தோணிமுத்து போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அழிச்சதோட விட்டிருந்தாக்கூட கொஞ்சமாச்சும் தோண்டி எடுத்திருக்கலாம் பாய். அது மேலயே இம்புட்டு பாட்டையும் படத்தையும் ஏத்திருக்கீங்களே!"

பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு, சாக்கோடு பின்வாசல் வழியாக வீடு வந்தார். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் வாசலில் காய் வாங்கிக்கொண்டிருந்த நர்கீஸ் பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்க வீட்டுக்காரரே போட்டுட்டாருக்கா, கடைக்குக் குடுக்கவே இல்ல" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டபிறகு வாய் வருமா? ராத்திரி சோறு இறங்கவில்லை. "பித்தமா இருக்கும்" என்று அவள் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். அதையும் குடித்துத் தொலைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுத்த தெரு பாஸிலா வந்தாள், கல்யாணம் நிச்சயமான மகள் தஹ்சீனையும் கூட்டிக்கொண்டு. டிசைன் பார்த்துத் தேர்ந்தெடுக்கத்தான் வந்திருந்தார்கள்.

"என்னங்க, டிசைனைத் தொறந்து காட்டுங்க."

"இன்னும் ஏறிட்டிருக்கு" என்றார்.

"அவருக்கு இது விளையாட்டுச் சாமான் ஆயிருச்சு" என்று சிரித்த நர்கீஸ், பச்சை ஸ்கெட்ச் பென்னை எடுத்துக்கொண்டு தஹ்சீனின் கையைத் தன் மடியில் இழுத்து வைத்தாள். உள்ளங்கையில் மயில் வந்தது. விரல்களில் கொடி ஏறியது. பாஸிலா, "மாஷா அல்லாஹ்" என்றாள். பாரூக்குக்கு ஒரு நிமிடம் மூச்சு வந்தது. எல்லாம் இவள் கையில்தானே இருக்கிறது, திரும்ப வரைந்துவிட மாட்டாளா?

மணிக்கட்டுக்கு வந்ததும் பேனா நின்றது.

"இங்கன ஒரு வளைவு போட்டிருந்தேனே. மாதக் கணக்கா மாத்தி மாத்தி வரைஞ்சது, அந்த மாதிரி எனக்கே மறுபடி வராது." அவள் கண்ணை மூடி யோசித்தாள். பேனா நுனி இரண்டு முறை தோலுக்கு மேல் சும்மா வளைந்து பார்த்தது. "வரமாட்டேங்குது. என்னங்க, அது ஒண்ண மட்டுமாச்சும் தொறந்து காட்டுங்களேன். மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

இன்னொரு பொய் சொன்னால் இவள் நாளைக்கும் கேட்பாள். நாளைக்கழித்தும் கேட்பாள், இதே நம்பிக்கையோடு. அதை நினைத்தபோது பாரூக்குக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது. விருந்தாளிகள் இருப்பதையெல்லாம் பார்க்கவில்லை.

"இல்லம்மா" என்றார். "ஒண்ணும் ஏறல. எல்லாம் போச்சு. நாந்தான் அழிச்சுட்டேன்."

நர்கீஸ் திரும்பிப் பார்க்கவில்லை. பாஸிலா தட்டிலிருந்து எடுத்த முறுக்கை மறுபடி தட்டிலேயே வைத்தாள். பேனா மணிக்கட்டில் ஊன்றியபடியே இருந்தது.

"மாமி, மை பரவுது" என்றாள் தஹ்சீன், கையை இழுத்துக்கொள்ளாமலேயே.

நுனிக்கடியில் பச்சைப் புள்ளி மெல்லப் பெரிதாகி, மணிக்கட்டின் மெல்லிய ரேகைகள் வழியே நாலு பக்கமும் இறங்கிக்கொண்டிருந்தது.