வெட்டிய வசனம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர், சாகிறவரைச் சேர்க்காமல். ஜன்னலோரச் சோபாவில் அம்மா, மடியில் தேநீர்த் தட்டோடு. பக்கத்தில் எதிர் வீட்டு டீச்சர், சிரிப்பதற்குத் தயாராக. வாசலை மறித்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் சித்தப்பா, கால் இரண்டும் ஸ்டூலின் மேல். தரையில், சாகிறவரின் முகத்துக்கு நேராக, மகள். வசனத் தாள் அவள் கையில் இருந்தது. நடுவே அப்பா, காவல்காரனின் காக்கிச் சட்டையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துகொண்டிருந்தார்.

"மெதுவாப்பா," என்றாள் மகள். "கிழவன் டமால்னு விழமாட்டான். செவுத்தத் தேடணும். செவுரு இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் விழணும்."

அவர் எழுந்து மறுபடியும் ஆரம்பித்தார்.

சினிமாவில் சாவது அவருடைய தொழில். கதாநாயகன் சுடும் அடியாள், விஷம் கலந்த பாலைத் தவறிக் குடிக்கும் சமையல்காரன், வெள்ளத்தோடு போகும் படகோட்டி. படக் கம்பெனிகளில் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது; சாவுக்காரர் என்றால் தெரியும். படம் வெளிவந்ததும் குடும்பத்தோடு போய்ப் பார்ப்பார்கள். அவர் செத்தவுடன் எழுந்து வந்துவிடுவார்கள். அதுக்கப்புறம் நமக்கு அங்க என்ன வேலை என்பார் அப்பா. அதனால் எந்தப் படத்தின் முடிவும் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒன்று மட்டும் மகளுக்குச் சின்ன வயதிலேயே பிடிபட்டிருந்தது. கதாநாயகனின் தாய் செத்தால் மழை உண்டு, பாட்டு உண்டு, கடைசி வார்த்தை உண்டு. அப்பா செத்தால் அடுத்த ஆள் அவரைத் தாண்டிக்கொண்டு ஓடுவான்.

அவளுக்கு வீட்டில் பெயர் சென்சார். அவள் சரி என்று சொல்லாத சாவை அவர் வெளியே செத்ததில்லை. இப்போது அவள் ஒரு பள்ளி அலுவலகத்தில் கடிதப் பிரிவில் இருக்கிறாள், தலைமுடியில் நரைகூட வந்துவிட்டது; ஆனாலும் ஒத்திகை என்றால் எதிரே உட்கார்ந்துவிட வேண்டும்.

இந்தப் படத்தில்தான் அவருக்கு முதல் முறையாகச் சாகும்போது பேச ஒரு வசனம் கொடுத்திருந்தார்கள். காவல்காரன் தண்ணீர் கேட்டுவிட்டுச் சாக வேண்டும். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் தாகம் எடுத்தது. எடுத்த காட்சியைப் போட்டுப் பார்த்த டைரக்டருக்குத் திருப்தி இல்லை. கிழவன் தூங்குவதுபோல் இருக்கிறது, மறுபடி எடுக்க வேண்டும், கண் திறந்தபடியே சாகட்டும், வசனம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். புதுத் தாளில் அந்த ஒற்றை வார்த்தையின் மேல் கோடு போட்டிருந்தது. அப்பா யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. சட்டை உடம்புக்குப் பழக வேண்டும் என்று கேட்டு வாங்கிவந்து காலையிலிருந்தே போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த முறை நன்றாக வந்தது. இல்லாத சுவரைக் கை தேடியது. முழங்கால் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தது. நெற்றியிலிருந்து காதோரம் வரை வேர்வை இறங்கிற்று.

"வேர்வய எப்படிண்ணே வரவழைக்கிறீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க, ஆபீஸ்ல லீவு கேக்கறதுக்கு ஆகும்," என்றார் சித்தப்பா. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்பா மகளைப் பார்த்தார். "தண்ணி," என்றார்.

மகள் தாளைப் பார்த்தாள். "தண்ணி கிடையாதுப்பா. வெட்டிட்டாங்க."

உதடு இன்னொரு முறை அசைந்தது. சத்தம் வரவில்லை. வசனத்தை அவர் விழுங்கிவிட்டதாக அவள் எடுத்துக்கொண்டாள். பேசாமல் விட்டதில் காட்சி இன்னும் உயர்ந்துவிட்டது என்றுகூடத் தோன்றியது. இமைகள் இறங்கத் தொடங்கின.

"கண்ணு, கண்ணு. மூடாதீங்க. தொறந்தபடியேதான் போகணும்."

இமைகள் நின்றன. பாரமான எதையோ ஏற்றுவதுபோல் மெல்ல மேலே ஏறின. கண்கள் முழுதாகத் திறந்து அவள்மேல் நிலைத்தன.

முதலில் கை தட்டியது சித்தப்பா. பிறகு டீச்சர்.

"பாஸ்," என்றாள் மகள்.

"போதும், எந்திரிங்க. கம்பெனிச் சட்ட கசங்குது," என்றாள் அம்மா. அவருடைய கோப்பையை எடுத்துத் தரையில், அவர் கைக்கு எட்டும்படி வைத்தாள். தேநீரின் மேல் ஆடை படியும்வரை யாரும் அவரைத் தொடவில்லை. நன்றாகச் செய்யும்போது அவர் அப்படித்தான் கொஞ்ச நேரம் கிடப்பார்.

தெருமுனை டாக்டர் வந்து சட்டையை இழுத்துத் திறந்தபோது பொத்தான் ஒன்று தெறித்துச் சோபாவுக்கு அடியில் போயிற்று.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். படக் கம்பெனியிலிருந்து வந்தவர்கள் முகத்தை எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் நம்ப முடியல, எந்திரிச்சு உக்காந்துடுவாருன்னு தோணுது என்றார்கள். அதையே ஆளுக்கு ஒரு முறை சொன்னார்கள். எப்படிப் போனார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சித்தப்பாதான் பதில். முதலில், பேசிக்கொண்டே இருந்தார், சட்டென்று சாய்ந்துவிட்டார் என்றார். அடுத்து வந்தவருக்கு, சாய்ந்தவரைத் தான் தாங்கிப் பிடித்ததாகச் சொன்னார். மதியத்துக்குள் அண்ணனின் தலை தம்பியின் மடிக்கு வந்துவிட்டது. பாடை கிளம்பும் நேரத்துக்கு ஒரு கடைசி வார்த்தையும் கிடைத்துவிட்டது.

"அண்ணியப் பாத்துக்கடான்னு சொன்னாரு. அவ்வளவுதான். போயிட்டாரு."

அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா அதைக் கேட்டதும் உடைந்து அழுதாள். டீச்சரும் அழுதாள். அந்தக் கூடத்திலேயே அவளும் உட்கார்ந்திருந்தாள் என்பது அவளுக்கே மறந்துவிட்டது போலிருந்தது. மகள் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள்.

எல்லாம் முடிந்த மறுநாள் காலை, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே கேட்டாள். "கண்ணு அதுவாத் தொறந்துச்சா, இல்ல நீ சொன்னதுக்குத் தொறந்தாரா?"

மகள் கழுவிய தட்டை வாங்கித் துடைத்தாள்.

"நான் சொல்லி எதக் கேட்டாரு மனுஷன். டாக்டர்கிட்டப் போங்கன்னு எத்தன தடவ சொன்னேன்," என்றாள் அம்மா. "நீ சொன்னா மட்டும் கேப்பாரு."

அடுத்த தட்டு வந்தது. அதையும் துடைத்தாள்.

வார இறுதியில் கம்பெனி மேனேஜர் வந்தார். வருத்தம் தெரிவித்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், பிறகு விஷயத்துக்கு வந்தார். காவல்காரன் நடந்து வருவதெல்லாம் எடுத்தாகிவிட்டது, சாவுதான் பாக்கி. தம்பிக்கு அண்ணன் ஜாடை அப்படியே இருக்கிறது. முகத்தை ஓரமாகக் காட்டி எடுத்துவிடலாம். சட்டையை மட்டும் முன்னதாக அனுப்பிவைத்தால் தையல்காரர் அளவைச் சரிசெய்துவிடுவார்.

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, செய்யுங்க, அவருக்குச் செய்யறதா நெனச்சுச் செய்யுங்க என்றாள்.

மேனேஜர் போனதும் சித்தப்பா கூடத்தின் நடுவில் நின்று நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். தரையைக் குனிந்து பார்த்து, எங்கே விழுவது என்று இடம் தேடினார்.

"ஏம்மா சென்சார், கடைசியில அண்ணன் எப்படிப் பண்ணாரு? நான் சரியாப் பாக்கல. கொஞ்சம் சொல்லேன்."

"கம்பெனிக்கு எழுதி அனுப்பிடறேன் சித்தப்பா," என்றாள் மகள்.

சட்டையைத் துவைத்து, தேய்த்து, மடித்தாள். சோபாவை நகர்த்தித் தேடியும் பொத்தான் அகப்படவில்லை. அப்பாவின் வீட்டுச் சட்டையிலிருந்து ஒன்றை வெட்டி எடுத்துத் தைத்தாள். பிறகு அலுவலகத்தில் எழுதுகிற அதே கையெழுத்தில், ஓரம் விட்டு எழுதினாள்.

'ஐயா, தாங்கள் கேட்ட காக்கிச் சட்டை இத்துடன் அனுப்பப்படுகிறது. மேலிருந்து மூன்றாவது பொத்தான் எங்களுடையது. மற்றவை தங்களுடையவை. நடிப்பவர் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டுமென்றால் முன்னதாகவே சொல்லிவிடவும். நடுவில் சொல்ல வேண்டாம். தண்ணீர் கேட்டால் கொடுத்துவிட்டு, பிறகு தாளைப் பார்க்கவும்.'

ஒரு முறை படித்தாள். கடைசி வரியின் மேல் அளவுகோலை வைத்து நேராகக் கோடு போட்டாள். மடித்து, உறையில் இட்டு, ஓரத்தில் பசை தடவி நகத்தால் அழுத்தினாள்.

கூரியர்க் கடைக்காரர் பொட்டலத்தைத் தராசில் வைத்தார். "உள்ள என்ன?"

"சட்டை."

"புதுசா, பழசா?"

"ஒரு நாள் போட்டது."

அவர் கடிதத்தைப் பொட்டலத்தின் மேல் வைத்து, நாடாவைக் கிழித்து இரண்டையும் சேர்த்துச் சுற்றி ஒட்டினார். முத்திரையைக் குத்திவிட்டு, பின்னால் இருந்த கூடைக்குள் எறிந்தார்.