வெர்லின் வண்டியில் ஒரு சத்தம்

எங்கள் ஊர் மெதடிஸ்ட் தேவாலயத்தில் கோடைகால வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆராதனை கிடையாது. ஆனாலும் கூட்டம் மட்டும் ஞாயிற்றுக்கிழமையை விட அதிகமாக இருக்கும். வண்டி நிறுத்தும் இடத்தில் பழைய கார்கள் வரிசைகட்டி நிற்கும். அவற்றின் சொந்தக்காரர்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு வண்டியையும் வாய்க்கு வந்தபடி கேலி செய்வார்கள். பெண்கள் நாங்கள் ஆப்பிள் பை என்கிற பழப் பலகாரத்தைச் சுட்டு விற்போம். போதகர் ஜெபம் செய்து முடிக்கும்வரை யாரும் தட்டைத் தொடுவதில்லை. கேலி மட்டும் ஜெபத்துக்கு முன்பே தொடங்கிவிடும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வண்டியைப் பின்பக்கமாகத்தான் வரிசைக்குள் ஏற்ற வேண்டும். முகம் வெளியே தெரிய வேண்டும். ஓட்டுகிறவர் கேட்காமல் யாரும் வழிகாட்டக் கூடாது. அடுத்தவன் வண்டியில் கை வைக்கவும் கூடாது.

இந்த வழக்கம்தான் வெண்டல் குரூகருக்கு அன்று எமனாக வந்தது.

வெண்டலிடம் 1970-ம் வருடத்து செவெல் கார் ஒன்று இருந்தது. தடித்த எஞ்சின், நீல வண்ணம். போன குளிர்காலத்தில் அதிலிருந்த பவர் ஸ்டீயரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, கைபலத்தால் மட்டும் திருப்புகிற பழைய வகை ஸ்டீயரிங்கைப் பொருத்தினார். பம்ப், குழாய், பெல்ட் எல்லாம் போயின. அதோடு நிறுத்தினாரா என்றால் இல்லை. வசந்தம் முழுவதும் அதைப் பற்றியே பேச்சு.

"பவர் ஸ்டீயரிங் வச்சு ஓட்டுறதும் சோபாவுல உக்காந்து ஓட்டுறதும் ஒண்ணுதான்டா வெர்லின். ரோடு என்ன சொல்லுதுன்னு கையில தெரியணும்."

"ரோடு என்கிட்ட எதுவும் சொல்ல வேண்டாம்ப்பா. வீட்டுல கேக்குறதே போதும்," என்றார் என் கணவர் வெர்லின், நான் பக்கத்தில் நிற்பது தெரிந்தே.

அப்புறம் மே மாதத்தில் கூரை ஓரத்துச் சருகை எடுக்க ஏணியில் ஏறிய வெண்டல் கீழே விழுந்தார். இடது தோளில் அறுவைச் சிகிச்சை. பார்க்கப் போன வெர்லின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பம்பைத் தூக்கிப் போடாம இருந்திருந்தா, டாக்டர் அதைத் தோளுல வச்சுத் தைச்சிருப்பாரே," என்றார். வெண்டல் சிரித்தார். சிரித்தால் வலிக்கிறது என்று திட்டவும் செய்தார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மருத்துவர் அனுமதி கொடுத்து, வெண்டல் முதல்முறையாகச் செவெலை வெளியே எடுத்தார். அவர் மனைவி ஆர்லீன் தன் காரில் முன்கூட்டியே வந்து என்னோடு மேஜையருகே நின்றாள். கத்தியைப் பிடித்திருந்தாளே தவிர, ஆப்பிள் பையை வெட்டவில்லை.

"ரோட்டுல ஓடும்போது ஒண்ணுமில்ல, லேசாத்தான் இருக்கு," என்றாள். "நின்ன எடத்துல திருப்புறதுதான் இரும்பு மாதிரி. இன்னைக்கு வரிசையில தானா ஏத்த முடியலன்னா, காலையில, வண்டியை விலைக்குக் கேட்ட அந்த ஃபோர்ட் வெய்ன் ஊர் ஆளுக்கு ஃபோன் பண்ணி வித்துடுவேங்குறாரு."

"பம்பைத் திரும்ப மாட்டிட்டா ஆச்சு."

"இவ்வளவு பேசினதுக்கு அப்புறமா? வித்தாலும் விப்பாரே தவிர அதைச் செய்ய மாட்டாரு. வித்துட்டா வெள்ளிக்கிழமை இங்க வர மாட்டாரு. வேற எங்கயும் அவரு போறதே இல்லடி."

செவெல் உள்ளே வந்தது. மிஞ்சியிருந்த இடம் விளக்குக் கம்பத்துக்கும் இன்னொரு காருக்கும் நடுவே இருந்தது. நாற்காலிகள் கலகலத்தன.

"வர்றாருடா ரோட்டோட பேசுறவரு."

"கம்பத்தோடயும் பேசிடாத வெண்டல்."

வெண்டல் கையசைத்துவிட்டுப் பின்னே எடுத்தார். பாதி வழியில் வண்டி கோணலாக நின்றது. வலது கை ஸ்டீயரிங்கை இழுத்தது. இடது கை உதவிக்கு வந்து நழுவி விழுந்தது. மறுபடி இழுத்தார். முகம் சிவந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கேலி அடங்கியது. அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு பார்த்த அந்தப் பார்வை, கேலியை விடக் கொடுமையாக இருந்தது. ஆர்லீன் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு பழைய காருக்காக ஆண்டவரைத் தொந்தரவு செய்யலாமா என்று தெரியாமலே நான் ஜெபித்தேன்.

வெர்லின் வாயிலிருந்த ஆப்பிள் பையை விழுங்கிவிட்டு எழுந்தார்.

"டேய், எல்லாரும் இங்க வாங்க. என் வண்டியில டக்கு டக்குன்னு ஒரு சத்தம். காலையிலருந்து உயிரை வாங்குது."

எனக்குத் தெரிந்து அந்த வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. வரும் வழியெல்லாம் அதன் ஓட்டத்தை மெச்சிக்கொண்டேதான் வந்தார். இருந்தாலும் வரிசையின் கடைசியில் நின்ற தன் வண்டியின் பானெட்டைத் தூக்கினார், எஞ்சினை முடுக்கினார். மற்றவர்கள் ஒரு கணம் தயங்கினார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போய், செவெலுக்கு முதுகைக் காட்டியபடி எஞ்சினுக்குள் தலையை விட்டார்கள். போதகரும் போனார். அவருக்கு எஞ்சினில் எண்ணெய் எங்கே ஊற்றுவது என்றுகூடத் தெரியாது.

பார்க்க ஆளில்லாத பிறகு வெண்டல் ஆண்பிள்ளைத்தனத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்தார். முழங்காலால் ஸ்டீயரிங்குக்கு முட்டுக் கொடுத்தார். வண்டியை ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே உருட்டி, உருளும்போதே திருப்பினார். நாய் படுக்க இடம் பார்ப்பதைப்போல அது முன்னும் பின்னும் போய், கடைசியில் வரிசைக்குள் அடங்கியது. ஒரு சக்கரம் தரையில் போட்ட வெள்ளைக் கோட்டை மிதித்திருந்தது.

வேர்வையைத் துடைத்தபடி நேராக வெர்லினிடம் வந்தார்.

"அட, எப்ப வந்த?" என்றார் வெர்லின்.

வெண்டல் பானெட்டுக்குள் குனிந்து, காதைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார். எஞ்சின் சுகமாகத் தூங்கும் பூனை மாதிரிச் சீராக உறுமிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் என்னவோ வந்து போனது.

"ஆமா, கேக்குது," என்றார். "வால்வுதான். இப்படியே விடக் கூடாது. நாளைக்கு என் ஷெட்டுக்குக் கொண்டு வா, பிரிச்சுப் பாத்துடலாம்."

"பிரிக்கணுமா?" வெர்லின் குரல் இறங்கியது. அந்த எஞ்சினை ஒரு வருடம் உட்கார்ந்து அவரே கோத்திருந்தார்.

"ஸ்பேனரை நீ பிடி. எனக்குத் தோள் சரியில்ல."

சுற்றி நின்றவர்கள் எஞ்சினையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"சரி," என்றார் வெர்லின். "கொண்டு வர்றேன்."

வெண்டல் மேஜைக்கு வந்து ஆர்லீனிடம் தட்டை நீட்டினார். "அந்த ஃபோர்ட் வெய்ன் ஆளோட நம்பர் இருந்தா கிழிச்சுப் போட்டுடு. எனக்குப் பெரிய துண்டா வெட்டு."

மறுநாள் மாலை வரை இருவரும் ஷெட்டில்தான் இருந்தார்கள். கையெல்லாம் கிரீஸோடு வீட்டுக்கு வந்த வெர்லினிடம், என்ன கோளாறு என்று கேட்டேன்.

"பெருசா ஒண்ணுமில்ல," என்றார் கையைக் கழுவியபடி. "வெண்டல் சரி பண்ணிட்டான்."